வெயில் வைட்டமினும் வெயிலில் நின்ற ரத்தமும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கமாக வந்தவாசி, ஆரணிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றித்தான் எழுதுவேன். "நயினாரே, நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதி புரியல" என்று மாதுங்கா மார்க்கெட்டில் நிறுத்திச் சொல்லுகிற அன்பர்களும் உண்டு. இம்முறை எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு தாளாவது கிடக்கிற விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வைட்டமின் டி ரத்தப் பரிசோதனைதான் அது. அந்தத் தாளில் அச்சாகி வருகிற எண் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம், ரத்தம் எடுத்த இடத்திலிருந்து இயந்திரம் வரைக்கும் போகிற வழியில் அது கெடுமா கெடாதா என்பதற்கு நூறு வருஷத்து வரலாறு இருக்கிறது. கல்வெட்டை விட இது ஒன்றும் லேசான வாசிப்பு இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

நான் மருத்துவன் அல்லன். பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் நாற்பது ஆண்டுக்கு மேலாக லேபரட்டரிச் சாமான் விற்கிறவன். டெஸ்ட் ட்யூப், பிப்பெட், ஸ்லைடு, பழுப்பு நிறக் குப்பி, பிற்பாடு ரத்தம் எடுக்கிற வேக்யூம் ட்யூப். சிவப்பு மூடி, ஊதா மூடி, மஞ்சள் மூடி என்று எத்தனை லட்சம் குழாய் என் கை வழியாகப் போயிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. அதற்குள் போகிற ரத்தத்துக்கு என்ன ஆகிறது என்று யோசித்ததே கிடையாது. என் வீட்டில் ஒரு சங்கடம் வந்த பிறகுதான் யோசித்தேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 வாக்கில் என் மனைவிக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். அந்த டிசம்பரில் ரத்தம் பார்த்தோம். வைட்டமின் டி 36 என்று வந்தது. போதுமான அளவு. "வயசாகுதில்ல, அதான்" என்று டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போகவில்லை. 2016 மே மாதம் இன்னொரு லேபில் வீட்டுக்கே ஆள் வரவழைத்து மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை வந்த எண் 13.

ஐந்து மாதத்தில் 36 எப்படி 13 ஆகும்? எனக்கு உடனே ஒரு காட்சி ஞாபகம் வந்தது. ரத்தம் எடுக்க வந்தவன் தாராவியிலிருந்து வந்த நம்ம ஊர்ப் பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். காலை ஒன்பதரைக்கு எடுத்து, பெட்டிக்குள் வைத்து, "வர்றேன் ஐயா" என்று போனான். மத்தியானம் ஒரு மணிக்கு நான் சாப்பிட வந்தபோது அவன் பைக் எங்கள் பில்டிங் எதிரே டீக்கடை ஓரம் நல்ல வெயிலில் நிற்கிறது. பெட்டி அதன் மேலேயே இருக்கிறது. பக்கத்துக் கட்டிடங்களில் இன்னும் நாலு வீடு முடிக்கப் போயிருந்திருக்கிறான். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வைட்டமின் வெயிலில் செத்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டேன். லேபுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நானே இந்த ட்யூப் விக்கிறவன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அதோடு விடாமல் எழுத்திலும் கொடுத்தேன். இலவசமாக மறுபடி எடுத்துத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். டாக்டரும் இரண்டு தாளையும் பார்த்து, இரண்டாவதில் மாதிரி கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒதுக்கினார். மூன்று வாரம் கழித்து வேறொரு ஆள் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது விசாரித்தேன். அந்தப் பையனை எடுத்துவிட்டார்களாம். சரியான தண்டனை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வெயிலில் பிறக்கிற வைட்டமின் வெயிலில் சாகுமா என்கிற கேள்வியை நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டது 2018 இல். அதற்கு என்ன காரணம் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் விடை 1922 ஆம் ஆண்டிலேயே பாதி கிடைத்திருந்தது.

ரிக்கெட்ஸ் என்கிற, குழந்தைகளின் எலும்பு வளைகிற நோயை 1645 இல் டேனியல் விஸ்லரும், 1650 இல் ஃபிரான்சிஸ் கிளிஸனும் விரிவாக எழுதி வைத்தார்கள். இரண்டு பேரும் ஆங்கிலேயர். புகையும் சந்தும் நிறைந்த ஐரோப்பிய நகரங்களில் அது வீட்டுக்கு வீடு இருந்தது. 1822 இல் ஸ்னியாடெக்கி என்ற போலந்து மருத்துவர், நகரத்துக் குழந்தைக்கு வருகிற இந்த நோய் கிராமத்துக் குழந்தைக்கு வருவதில்லை, வெயில்தான் மருந்து என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. 1890 இல் ஜப்பானில் பணி செய்து திரும்பிய தியோபால்ட் பாம் என்ற பாதிரி மருத்துவர் நாடு நாடாகக் கடிதம் எழுதித் தகவல் திரட்டி, வெயில் குறைந்த இடத்தில்தான் இந்த நோய் என்று மறுபடி சொன்னார். அதுவும் கிடப்பில் போனது.

1919 இல் இரண்டு சமாசாரம் ஒன்றாக வந்தன. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து, பெரும்பாலும் தானிய உணவு போட்டு ரிக்கெட்ஸ் வரவழைத்தார். பிறகு மீன் எண்ணெய் கொடுத்தால் வராமல் தடுக்கிறது என்று காட்டினார். அதே ஆண்டு பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோய்ப்பட்ட குழந்தைகளைக் குவார்ட்ஸ் பாதரச விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் ஒளி. இரண்டும் எப்படி ஒரே வேலையைச் செய்யும் என்று யாருக்கும் விளங்கவில்லை. அந்த நாய்க்குட்டிகளைப் பற்றிப் படிக்கையில், என் குலத்துக்கு ஏற்றபடி, புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மெல்லன்பியே, மீன் எண்ணெயில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்த வைட்டமின் ஏ தான் இந்த வேலையைச் செய்கிறது என்று நினைத்தார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த எல்மர் மெக்காலம் அதை 1922 இல் சோதித்தார். மீன் எண்ணெயைச் சூடாக்கி, அதற்குள் பல மணி நேரம் காற்றைக் குமிழி குமிழியாக ஊதினார். வைட்டமின் ஏ செத்தது, கண்நோய்க்கு அந்த எண்ணெய் பயன்படவில்லை. ஆனால் எலும்பு நோயை அது முன்போலவே குணமாக்கியது. அப்படியானால் எண்ணெயில் இன்னொரு பொருள் இருக்கிறது. ஏ, பி, சி மூன்று எழுத்தும் போய்விட்டதால் அதற்கு டி என்று பெயர் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் குத்து விழுந்தது. சூட்டுக்கும் காற்றுக்கும் அசையாமல் நின்ற காரணத்தால்தான் இந்த வைட்டமின் தனியாக அடையாளமே காணப்பட்டது. கொதிக்கிற எண்ணெயில் சாகாததை, மூடி போட்ட பெட்டிக்குள் மூன்றரை மணி நேரம் மே மாத வெப்பம் கொன்றுவிட்டது என்று நான் லேபுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதே 1922 இல் நம் பம்பாய் மாகாணத்திலிருந்தும் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. நாசிக்கில் ஹட்சிசன், ஷா என்ற இருவர் ரிக்கெட்ஸையும், பெரியவர்களுக்கு வருகிற எலும்பு இளகும் நோயையும் வீடு வீடாகப் பார்த்தார்கள். வயலிலும் தெருவிலும் வேலை செய்கிற ஏழைகளின் வீட்டில் நோய் இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத, ஆனால் பெண்களும் குழந்தைகளும் கோஷா முறையில் உள்ளேயே இருந்த வீடுகளில் இருந்தது. மும்பையிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் போகிற ஊர் அது. சுற்றுலாவாகத் திரியம்பகத்துக்குப் போய் வந்திருக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே இந்தப் பாடம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது நம்மில் யாருக்குத் தெரியும்? இன்றைக்குக் கோஷா இல்லை. ஃபிளாட் இருக்கிறது, ஏ.சி. ஆபீஸ் இருக்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வெயில் படுகிறதே என்பார்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிரைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடாது. ஹுல்ட்ஷின்ஸ்கி குவார்ட்ஸ் விளக்கைத் தேடியது அதற்காகத்தான். கண்ணாடி வியாபாரி நான், இதுகூட எனக்கு அறுபது வயசு நெருங்கும்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு வேகமாக நடந்தது. 1924 இல் ஸ்டீன்பாக்கும் ஹெஸ்ஸும் தனித்தனியே, உணவின் மீதே கதிர் பாய்ச்சினால் அதில் இந்தச் சத்து உண்டாகிறது என்று காட்டினார்கள். 1928 இல் விண்டவுஸுக்கு நோபல் பரிசு. தாவர வகையிலிருந்து வருவது டி2, தோலில் உண்டாவது டி3 என்று 1930களில் தெளிவாயிற்று.

ஆனால் அளப்பது எப்படி? ரொம்ப காலத்துக்கு எலிதான் தராசு. நோய் வரவழைத்த எலிகளுக்கு எண்ணெயோ மருந்தோ கொடுத்து, சில நாள் கழித்து எலும்பை வெட்டி, சில்வர் நைட்ரேட்டில் தோய்த்து, புதிதாகச் சுண்ணாம்பு படிந்த கோடு எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார்கள். இந்தப் பாக்கெட்டிலும் மாத்திரையிலும் ஐ.யூ. என்று போடுகிறார்களே, அந்த அலகு எலிக்கணக்கு காலத்தில் பிறந்தது. ஒரு ஐ.யூ. என்பது 0.025 மைக்ரோகிராம். வாரம் ஒரு தடவை பாலில் கலக்கச் சொல்லும் 60,000 ஐ.யூ. பொட்டலத்தில் உண்மையான வைட்டமின் ஒன்றரை மில்லிகிராம்தான், மீதியெல்லாம் சர்க்கரை வகையறா.

ரத்தத்தில் அளக்க வழி பிறந்தது 1968 க்குப் பிறகு. விஸ்கான்சினில் டெலூக்காவின் ஆய்வகத்தில், வைட்டமின் டி கல்லீரலில் மாறி 25-ஹைட்ராக்ஸி என்ற வடிவில் ரத்தத்தில் சுற்றுகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். உங்கள் தாளில் இருக்கிற எண் இதனுடையது. சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்து 1,25 என்று ஒரு வடிவம் வரும். அது வேலை செய்கிற வடிவம், ஆனால் சில மணி நேரத்தில் மறைந்துவிடும், கையிருப்பைக் காட்டாது. 25 வடிவமோ இரண்டு மூன்று வாரத்துக்கு நிற்கும். அதனால் காலையில் வெறும் வயிற்றோடுதான் எடுக்க வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. 1971 இல் ஹடாட், ச்யூ இருவரும் அதை அளக்கிற முறையை வெளியிட்டார்கள். சாதாரண ஆட்களுக்கு சராசரி 27 நானோகிராம் வாக்கில் இருந்தது. கடற்கரையில் நீச்சல்காரர்களைக் காக்க நாள் பூரா வெயிலில் நிற்கிறவர்களுக்கு 64 வாக்கில். முதல் அளவையிலேயே வெயில் தெரிந்துவிட்டது.

இனி ட்யூபுக்கு வருவோம். இந்த 25 வடிவம் ரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை. அதைச் சுமப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. 1959 இல் ஹிர்ஷ்ஃபெல்ட் அந்தப் புரதத்தை வேறு காரணத்துக்காகக் கண்டார். அது வைட்டமின் டியின் சுமைகாரன் என்பது 1975 இல்தான் தெரிந்தது. பெரும்பங்கு அதன் மடியிலும், மீதி அல்புமின் மடியிலுமாக இருக்கும். தனித்துத் திரிவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. புரதத்தின் மடியில் இருப்பதால் வெளிச்சமும் வெப்பமும் லேசில் தொடுவதில்லை. 1981 இல் சிட்னியில் லிஸ்னர், மேசன், போசன் ஆகியோர் ரத்தத்தை அணு பிரிக்காமல் அறை வெப்பத்திலேயே நாட்கணக்கில் வைத்துப் பார்த்து, அளவு மாறவில்லை என்று எழுதினார்கள். 2009 இல் நெதர்லாந்தில் வீல்டர்ஸும் வைன்பெர்க்கும் அதையே மறுபடி சோதித்தார்கள். தலைப்பிலேயே அதைப் பாறைக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பெரிய மாறுதல் இல்லை.

அப்படியானால் வெள்ளித்தாளைச் சுற்று, இருட்டில் வை, ஐஸில் வை என்று லேப்காரர்கள் பலர் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? எனக்குப் புரிந்த வரையில் இரண்டு வழி. சுத்தமான வைட்டமின் டியை ஆல்கஹாலில் கரைத்து அளவுகோலாக வைத்திருப்பார்கள். சுமைகாரப் புரதம் இல்லாத அந்தக் கரைசல் ஒளியில் கெடும். அதற்காகத்தான் பழுப்புக் குப்பி. அந்தக் குப்பியை விற்றுக்கொண்டிருந்ததால் எனக்கும், ஒளி பட்டால் போச்சு என்று மனசில் பதிந்துவிட்டது. இரண்டாவது, பக்கத்துக் குழாயின் பயம். மஞ்சள் காமாலைக்குப் பார்க்கிற பிலிருபின் வெளிச்சத்தில் நிஜமாகவே குறையும். வைட்டமின் ஏயும் அப்படியே. ஒரே பெட்டியில் எல்லாக் குழாயும் போகிறபோது ஒரே விதியை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார்கள். அதில் தப்பில்லை, எச்சரிக்கை நல்லதுதான்.

உண்மையில் கெடுகிறவை வேறே. சர்க்கரை பார்க்க எடுத்த ரத்தத்தை அணு பிரிக்காமல் சும்மா வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையை அணுக்களே தின்றுவிடும். அதனால்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு போடுகிறார்கள். பொட்டாசியம் தாமதத்தில் ஏறும். பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் ஏறும். அம்மோனியா ஐஸில் இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பையன் என் மனைவிக்குச் சர்க்கரை பார்க்கச் சாதாரணக் குழாயில் எடுத்திருந்தால் என் புகாரில் நியாயம் இருந்திருக்கும்.

வைட்டமின் டிக்கு எண் தடுமாறுகிற இடங்களும் இருக்கின்றன. கையில் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டினாலோ, நின்று அலைந்துவிட்டு உடனே எடுத்தாலோ புரதம் செறிந்துவிடும். புரதத்தோடு ஒட்டிய எதுவும் கொஞ்சம் கூடிக் காட்டும். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் நன்றாக உறையவிடாமல் அவசரமாகச் சுற்றினால் நார் போல ஒன்று மிதந்து இயந்திரத்தின் ஊசியை அடைக்கும். பிரித்த சீரத்தைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி எண் ஏறும். கொழுப்பு மிதக்கிற ரத்தமும், அணு உடைந்து சிவந்த ரத்தமும் சில முறைகளைக் குழப்பும். ஜெல் போட்ட குழாய் சில முறைகளுக்கு ஒத்துவராது, கருவிக்காரர் சொன்ன குழாயில்தான் எடுக்க வேண்டும். வேக்யூம் குழாயை 1940களில் ஜோசப் கிளைனர் யோசித்தபோது அது வெறும் கண்ணாடியும் ரப்பரும். இன்றைக்கு அதற்குள் எத்தனை ரசாயனம் பூசியிருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவனும் சொல்வதில்லை. பேரை மாற்றி ஒட்டுவதைப் பற்றி நான் எழுதவே வேண்டாம்.

இதையெல்லாம் விடப் பெரிய வேறுபாடு அளக்கிற முறையில்தான். எதிர்ப்புரதம் கொண்டு அளக்கிற இயந்திரங்கள் ஒரு வகை, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்று எடையை வைத்துப் பிரிப்பது இன்னொரு வகை. முதல் வகையில் சிலது டி2வைச் சரியாகக் கண்டுகொள்ளாது. விலங்கிலிருந்து எடுத்தது வேண்டாம் என்று டி2 மாத்திரை தேடிப் போகிற எங்கள் சமூகத்தார் இதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் எண் ஏறவில்லை என்றால் உடம்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் முறையைக் கேளுங்கள். ஒரே ரத்தத்தைப் பல லேபுக்கு அனுப்பி ஒப்பிடும் திட்டம் லண்டனில் 1989 இலேயே தொடங்கியது. அமெரிக்காவின் அளவை நிறுவனம் 2009 இல் பொது அளவுகோல் சீரம் ஒன்றை வெளியிட்டது. 2010 இல் உலக அளவில் ஒழுங்குபடுத்தும் முயற்சி பிறந்தது. முன்னைக்கு இப்போது தேவலை.

லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கே நானோமோல் கணக்கு. நம் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் அவர்கள் எண். "உனக்கு 50, எனக்கு 20 தானே" என்று அழுத தாய் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது 2018. என் கடைக்கு இருபது வருஷமாக வருகிற ஒரு லேப் டாக்டர், மராட்டிக்காரர், டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் மனைவியின் வலியைச் சொன்னேன். 36, 13 கதையையும் சொன்னேன். வெயிலில் நின்ற பெட்டியைச் சொன்னதும் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, "நைனார்ஜி, பாபிஜி முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். முடி கொட்டுகிறது என்று மகள் 2015 இல் வாங்கிக் கொடுத்தது. பயோட்டின், ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம். காலையில் இட்லியோடு ஒன்று. வீட்டில் யாரும் அதை மருந்து என்றே எண்ணவில்லை, டாக்டரிடம் சொன்னதும் இல்லை. பல எதிர்ப்புரத இயந்திரங்கள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் கொக்கியும் வளையமுமாக வைத்து வேலை செய்கிறவை. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால் அது வளையத்தை அடைத்துவிடும். வைட்டமின் டி மாதிரியான போட்டி முறைச் சோதனையில் எண் பொய்யாக ஏறிக் காட்டும். வேறு வகைச் சோதனைகளில் பொய்யாக இறங்கும். மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் அப்படி இறங்கி ஒருவர் இறந்ததையும் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. அந்த அச்சுப் பிரதியைத்தான் டாக்டர் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு கருவிக்காரர்கள் பலர் இந்தத் தொல்லை வராதபடி மாற்றிவிட்டார்கள். எல்லா இடத்திலும் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி, 36 என்று சொன்ன அதே லேபில் மறுபடி எடுத்தோம். 11 வந்தது. இரண்டாவது லேபின் 13 மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்த்தது, அதில் பயோட்டின் குறுக்கிடுவதில்லை. ஆக, வெயிலில் நின்ற ரத்தம்தான் உண்மையைச் சொல்லியிருந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேற்பகுதியில் விரிசல் போல ஒரு கோடு. எலும்பு இளகியதால் வருவது என்றார்கள். பொட்டலம் தொடங்கி நாலு மாதத்தில் என் மனைவி தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தாள். "ரெண்டு வருஷமா வயசு வயசுன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

தசலட்சண பர்வம் முடிந்த பிறகு நாங்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள் ஒன்று உண்டு. அந்த ஆண்டு அதற்கு முன்பே அந்தப் பையனைத் தேடினேன். லேபில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. தாராவியில் 90 அடி ரோட்டில் விசாரித்ததில், ஊருக்குப் போய்விட்டான், திருநெல்வேலிப் பக்கம் என்றார்கள். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. புகார்க் கடிதத்தின் நகல் என் ஃபைலில் இருக்கிறது. அந்த லேபுக்கு, என் புகார் தவறு என்று இன்னொரு கடிதம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

பரிசோதனை எல்லாருக்கும் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. 2000 இல் தில்லியில் கோஸ்வாமி குழுவினர் ஆரோக்கியமான மருத்துவர், நர்ஸ் பலருக்கே குறைவு என்றும், வெயிலில் பயிற்சி செய்கிற சிப்பாய்களுக்கு அதிகம் என்றும் எழுதியதற்குப் பிறகு இந்தியாவில் பரிசோதனை பெருகியது. 2011 இல் அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கம் 30 க்கு மேல் வேண்டும் என்றது. அதே சங்கம் 2024 இல் அந்த எண்ணைக் கைவிட்டு, நல்ல ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. வலி இருக்கிறவர்கள், எலும்பு உடைந்தவர்கள் கதை வேறு.

நம் சங்கம் ஜனவரியில் நடத்துகிற மருத்துவ முகாமில் ரத்தம் எடுக்கிறோம். அதற்கு ஒரு படிவம் உண்டு, பெயர், வயது, சர்க்கரை இருக்கிறதா என்று மூன்று கேள்வி. நாலாவதாக, "முடி, நகம், தோலுக்கு என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கடைசியாக எப்போது?" என்று சேர்க்கக் கேட்டிருந்தேன். செயற்குழு ஒப்புக்கொண்டுவிட்டது. தமிழிலும் இந்தியிலும் அச்சடிக்கிற செலவு என்னுடையது. அன்றைக்கு வருகிறவர்கள் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவந்தால் நல்லது.